அகப்பை

ஞாயிறு காலை நாலரைக்கே ழான்-லூக் போய்
எத்தாங்-சலே கடற்கரையில் மூன்றாவது சவுக்கடியில்
நீலப் படுதாவை விரித்து
நான்கு முனைக்கு நான்கு கல் வைத்து
நடுவில் ஐந்தாவது கல்லாகத் தன்னையும் வைத்துத்
தூங்கிப்போவான்.
இந்தத் தீவில் இடம் பிடிப்பது என்றால் இதுதான்.
பட்டா, பத்திரம் எல்லாம் திங்கட்கிழமை.

ஒன்பதுக்கு நாங்கள் வருகிறோம்:
நான், பிள்ளைகள் இருவர், நாத்தனார் ரோஸ்லின்.
அவள் மடியில், மாப்பிள்ளைபோல் துண்டு கட்டிய
கோழிக்கறிச் சட்டி.
மலைப்பாதை வளைவுதோறும்
"பார்த்து, பார்த்து" என்றாள் அதனிடம்.
பிள்ளைகளுக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கறுப்பு மணல். எரிமலை எப்போதோ துப்பியது.
பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் இறங்கினால்
யாரானாலும் பரதம்தான்,
எங்கள் தபால் நிலைய மேலாளர் உட்பட.
காரைக்காலிலிருந்து அக்கா, போர்வைக்குள் இருந்தபடி,
பனி கொட்டுகிறது என்று செய்தி அனுப்புகிறாள்.
இங்கே மார்கழிக்கு வேர்த்து ஊற்றுகிறது.
லிச்சித் தோலை உரித்து அவளுக்குப் படம் அனுப்பினேன்.
பதில் இல்லை.

கடலில் சிவப்புக் கொடி. சுறாவோ அலையோ, சொல்லவில்லை.
பிள்ளைகள் குழி தோண்டித் தங்களுக்கென்று ஒரு கடல் செய்தார்கள்.
முழங்கால் ஆழம். கொடி பச்சை.

பன்னிரண்டு.
சோற்றைத் திறந்தோம். பயற்றைத் திறந்தோம்.
இடித்த மிளகாயோடு தக்காளி ருகாய்.
பிறகு சட்டி.
மூடி விலகியதும் முன்பின் தெரியாத இரண்டு நாய்கள்
எங்களுக்குச் சொந்தமாயின.
ரோஸ்லின் பையைக் கவிழ்த்தாள். உதறினாள்.
மறுபடி கவிழ்த்தாள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள்.
சட்டியில் இருக்கிறது.
அகப்பை வரவில்லை.

மூடியால் அள்ளலாம் என்றான் ழான்-லூக்.
கையால் என்றாள் சின்னவள்.
ரோஸ்லின் பார்த்த பார்வையில்
இருவரும் கடலை ரசிக்கத் தொடங்கினார்கள்.
நான் எழுந்தேன்.

முதல் மரம், மூத்தூசாமி வீட்டார்.
அகப்பை கேட்டால் உட்கார் என்றார்கள்.
சிவப்பு வைனில் வெந்த பேய்க்கணவாய், ஒரு தட்டு.
அகப்பை அவர்களுக்கே வேண்டியிருந்தது.
அடுத்த மரத்தில் சிலாவோஸ் மலைக்காரர்கள்;
பருப்பு எங்கள் சொந்த விளைச்சல் என்று
மூன்று தரம் சொன்னார்கள், மூன்று தரம் வைத்தார்கள்.
துணிக்கடை இஸ்மாயில் குடும்பத்தில்
எல்லாமே சமோசா. அகப்பைக்கு வேலையே இல்லை.

கடைசி மரத்துக்கு அப்பால்
இரும்புக் குண்டு உருட்டும் நான்கு ஆண்கள்
மண்டியிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
யார் குண்டு கிட்ட என்று
ஒரு மர அகப்பையை வைத்து அளந்தபடி.

"ஆட்டம் முடியட்டும், மதாம்."

ஆட்டம் முடியவில்லை.
ஐந்தாவதாக ஒருவர் தேவைப்பட்டார்.
எனக்குக் குறி உண்டென்று இதுவரை யாரும் சொன்னதில்லை;
பதினோரு வருஷமாகக் கடிதங்களை எறிகிறேன்,
அந்தந்த ஊர்ப் பெட்டிக்குள்.

திரும்பும்போது மணி இரண்டே கால்.
கையில் கடல்நீரில் கழுவிய அகப்பை,
வயிற்றில் நாலு வீட்டுச் சமையல்.
படுதாவில் எல்லோரும் மல்லாந்திருந்தார்கள்.
சட்டிக்குள் சாய்ந்து நின்றது
பிள்ளைகள் மணல் தோண்டிய
மஞ்சள் பிளாஸ்டிக் மண்வெட்டி.
"கழுவினோம்" என்றான் ழான்-லூக், கண் திறக்காமல்.
எனக்கென்று ஒரு தொடை இருந்தது.
அகப்பையால் எடுத்தேன். எடுக்க வேண்டுமல்லவா.

அடுத்த ஞாயிறு, திருப்பிக் கொடுக்க,
அகப்பையை முதல் ஆளாகக் காரில் ஏற்றினோம்.
அதே சவுக்கு, அதே நான்கு கல்.
பன்னிரண்டுக்குத் தெரிந்தது,
சோற்றுப் பானை வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது.

யாரும் எதுவும் சொல்வதற்குள்
ரோஸ்லின் எழுந்து பாவாடை மணலைத் தட்டிவிட்டாள்.
"நீ இரு," என்றாள் என்னிடம்,
"இந்தத் தரம் நான் போகிறேன்."